மரியாதையின்றி விடுவிக்கப்பட்ட 167 பேர்

அமெரிக்க ராணுவத்தில் பணி முடித்து ஊர் திரும்பும் சிப்பாய் தன் பெட்டியில் கொண்டு செல்லும் பொருள்களுள் முக்கியமானது ஒரு காகிதம். அவன் எந்தப் படையில் எத்தனை ஆண்டு ஊழியம் செய்தான், எத்தகைய நிலையில் விடுவிக்கப்பட்டான் என்பவற்றை அது கூறும். வேலை கேட்கப் போகுமிடத்தில் அதைக் காட்ட வேண்டும். ஓய்வூதியம் கோரினாலும் காட்ட வேண்டும். இறந்தபின் ராணுவ மயானத்தில் இடம் வேண்டுமானால், அவன் சார்பில் உறவினர் எவரேனும் அதை எடுத்துக் காட்ட வேண்டும்.

அந்தக் காகிதத்தில் ஒரு சொல் பிழைபட்டுப் போனால் என்ன ஆகும்? அதைத் திருத்தித் தரும்படி யாரிடம் முறையிடுவது? இக்கேள்விக்கு விடை காண அமெரிக்க நாட்டில் 66 ஆண்டுகள் காத்திருந்தவர்களின் வரலாறு ஒன்று உண்டு.

டெக்ஸாஸ் மாநிலத்தின் தென்கோடியில், ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் அமைந்தது பிரௌன்ஸ்வில் என்னும் சிற்றூர். ஆற்றைக் கடந்தால் மெக்ஸிகோ. ஊரை ஒட்டினாற்போல் பிரௌன் கோட்டை என்ற ராணுவ முகாம் இருந்தது. 1906ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் தேதி, 25ஆவது காலாட்படையைச் சேர்ந்த மூன்று கம்பெனிகள் அங்கே வந்து இறங்கின. சிப்பாய்கள் அனைவரும் கறுப்பினத்தவர், அதிகாரிகள் வெள்ளையர். கியூபாவிலும் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் போரிட்ட பழம்பெரும் படை அது. ஊரார் அதை வரவேற்கவில்லை. மதுக்கடைகளில் சிப்பாய்களுக்கு இடமில்லை என்றார்கள். நடைபாதையில் வழிவிடவில்லை என்று சொல்லிச் சுங்க அதிகாரி ஒருவர் ஒரு சிப்பாயைத் துப்பாக்கியால் மண்டையில் அடித்து வீழ்த்தினார். படை வந்து இரண்டு வாரம் ஆவதற்குள் ஊருக்கும் கோட்டைக்கும் இடையே பகை முற்றிவிட்டது.

ஆகஸ்டு 13ஆம் தேதி நிலைமை மோசமாக இருப்பதைக் கண்ட தளபதி மேஜர் பென்ரோஸ், மாலை எட்டு மணிக்குள் அனைவரும் கோட்டைக்குத் திரும்பிவிட வேண்டுமென உத்தரவிட்டார். அன்று நள்ளிரவையொட்டி ஊருக்குள் துப்பாக்கிகள் வெடித்தன. ஏறக்குறையப் பத்து நிமிஷம் குண்டுகள் பாய்ந்தன. மதுக்கடைப் பணியாளர் ஒருவர் மாண்டார். குண்டடிபட்ட போலீஸ் அதிகாரி ஒருவரின் கையை வெட்டி எடுக்க நேர்ந்தது.

கோட்டையில் இருந்தவர்களோ, தாக்கப்படுவது தாங்கள்தான் என்றே எண்ணினர். எக்காளம் ஊதப்பட்டது, சிப்பாய்கள் அணிவகுத்தனர், பெயர்கள் வாசிக்கப்பட்டன. கணக்குக்கு வராதவர் ஒருவருமில்லை. பொழுது விடிந்ததும் துப்பாக்கிகளைச் சோதித்தார்கள். சுட்டதன் அடையாளம் காணப்படவில்லை. தோட்டாக்களை எண்ணினார்கள், குறையவில்லை. ஆயினும் தெருவில் ராணுவத் தோட்டாக்களின் வெற்றுக் கூடுகள் கிடந்தன என்று நகரசபைத் தலைவர் கொணர்ந்து காட்டினார். இருளில் கறுப்புச் சிப்பாய்களைக் கண்டதாக ஊரார் சிலர் கூறினர். டெக்ஸாஸ் அதிகாரிகள் சிலரைப் பிடித்து அடைத்தும், அவ்வூரின் பெருநடுவர் குழுவே ஒருவர்மீதும் குற்றம் சாட்ட முடியாமல் கலைந்தது.

ராணுவத்தின் தலைமை விசாரணை அதிகாரியான ஜெனரல் கார்லிங்டன் அக்டோபரில் சிப்பாய்களைத் தனித்தனியே அழைத்து விசாரித்தார். சுட்டவர்களின் பெயரைச் சொல்லுங்கள், இல்லையேல் அனைவரும் விலக்கப்படுவீர்கள் என்பது அவர் கொண்டுவந்த எச்சரிக்கை. ஒருவரும் பெயர் சொல்லவில்லை. எல்லாரும் கூடிப் பேசி மௌனம் சாதிக்கிறார்கள் என்று அவர் முடிவு கட்டினார். தெரியாதவன் எதைச் சொல்லுவான் என்ற எளிய கேள்வி அந்த அறிக்கையில் இடம் பெறவில்லை. அறியாமையும் மௌனமும் வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றாகவே தோன்றும் என்பது உண்மைதான். ஆனால் விசாரிப்பவனின் கடமை அவ்விரண்டையும் பிரித்தறிவதன்றோ?

நவம்பர் 5ஆம் தேதி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 167 சிப்பாய்களை ராணுவத்திலிருந்து நீக்க ஆணையிட்டார். மறுநாள் நாடெங்கும் காங்கிரஸ் தேர்தல். கறுப்பின வாக்காளர்கள் ரூஸ்வெல்டின் கட்சிக்கு வாக்களித்து முடித்த பின்னரே ஆணை பத்திரிகைகளில் வெளிவந்தது.

அந்த ஆணையின் வாசகத்தில்தான் இவ்வரலாற்றின் முடிச்சு இருக்கிறது. சட்ட வாசகங்களைத் தமிழாக்குவது என் தொழிலாதலால் அங்கே சற்று நிற்கிறேன். 'அவமரியாதையுடன் விலக்கம்' என்பது ஒன்று, அது தண்டனை, ராணுவ நீதிமன்றம் விசாரித்துத் தீர்ப்பளித்தாலன்றி அதை விதிக்க இயலாது. 'மரியாதையின்றி விடுவிப்பு' என்பது வேறொன்று. அது தண்டனையன்று, நிர்வாக நடவடிக்கை மட்டுமே என்பது அரசாங்கத்தின் வாதம். ரூஸ்வெல்ட் தேர்ந்தெடுத்தது இந்த இரண்டாம் சொல்லை. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டத்திலும் பதவி நீக்கம், அகற்றுதல், விடுவித்தல் எனத் தனித்தனிச் சொற்கள் உண்டு. மொழிபெயர்ப்பவன் கண்ணயர்ந்து ஒன்றனிடத்தில் மற்றொன்றைப் போட்டுவிட்டால் பொருள் அடியோடு மாறிவிடும்.

தண்டனையன்று என்றார்கள், ஆனால் விளைவைப் பாருங்கள். அந்த 167 பேரும் மீண்டும் ராணுவத்திலோ கடற்படையிலோ சேரக்கூடாது. அரசாங்கத்தின் சிவில் வேலைக்கும் வரக்கூடாது. (இப்பகுதி சட்டப்படி செல்லாதென்று உணர்ந்து 1907 ஜனவரியில் ரூஸ்வெல்டே விலக்கிக்கொண்டார்.) பி கம்பெனியின் முதல் ஸார்ஜண்ட் மிங்கோ சாண்டர்ஸ் கால் நூற்றாண்டுக்கு மேல் ஊழியம் செய்தவர், ஓய்வூதியத்துக்குச் சில ஆண்டுகளே பாக்கி. 1898இல் கியூபாப் போரில் ரூஸ்வெல்டின் குதிரை வீரர்கள் உணவின்றித் தவித்தபோது, ரூஸ்வெல்ட் கேட்டதற்கிணங்கத் தம் கம்பெனியின் ரொட்டியைப் பங்கிட்டுக் கொடுத்ததாகச் சாண்டர்ஸ் நினைவு கூர்ந்தார். அவருக்கும் அதே காகிதம்தான்.

முறையிடுவதற்கு வழி இருந்ததா? இல்லை. சுட்டவர் இன்னாரெனத் தெரியாததால் வழக்கு இல்லை. வழக்கு இல்லாததால் தீர்ப்பு இல்லை. தீர்ப்பு இல்லாத இடத்தில் மேல்முறையீடு செய்வது எதன்மீது? படையின் வெள்ளை அதிகாரிகள் இருவர் மட்டும் கடமை தவறியதாக ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர், விசாரணை நடந்தது, இருவரும் விடுதலை பெற்றனர். விசாரணை என்ற அந்த ஒன்று சிப்பாய்களுக்குக் கிட்டவில்லை.

கறுப்பினப் பெண்களின் தலைவியரில் ஒருவரான மேரி சர்ச் டெரல் போர் மந்திரி டாஃப்டை நேரில் கண்டு ஆணையை நிறுத்தி வைக்குமாறு வேண்டினார். டாஃப்ட் சில நாள் நிறுத்தியும் வைத்தார், ஜனாதிபதி இணங்கவில்லை. மேல்சபையான செனட்டில் அவர்களுக்காக வாதாடியவர் ஒஹாயோ மாநிலத்து ஜோசப் ஃபோரேக்கர். அவர் ரூஸ்வெல்டின் கட்சிக்காரர். ஜனாதிபதி பதவியை நாடியவர். அவரது நோக்கத்தில் அரசியலும் கலந்திருந்தது என்பார் உண்டு. இருக்கலாம். ஆனால் ஆயிரக்கணக்கான பக்கச் சாட்சியங்களை வரி வரியாக ஆராய்ந்தவர் அவர் ஒருவரே. நகரசபைத் தலைவர் காட்டிய வெற்றுக் கூடுகள், படை முன்பிருந்த நெப்ராஸ்கா முகாமில் குறி பழகும்போது சுடப்பட்டவை. பெட்டியில் அள்ளிவந்து கோட்டைத் தாழ்வாரத்தில் யாரும் எடுக்கக்கூடியபடி வைக்கப்பட்டிருந்தவை என்பது அவரது வாதம். 1908இல் செனட் குழுவின் பெரும்பான்மையோர் ஜனாதிபதியின் பக்கமே நின்றனர். ஃபோரேக்கர் 1909இல் செனட்டிலிருந்து வெளியேறினார்.

வெளியேறுமுன் அவர் பெற்றுத் தந்தது ஒரு சட்டம். ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரிகளைக் கொண்ட விசாரணைக் குழு ஒன்று அதன்படி அமைந்தது. அக்குழு 1910இல், 14 பேர் மீண்டும் ராணுவத்தில் சேரத் தகுதியுடையோர் என்று அறிவித்தது. ஏன் அந்த 14 பேர்? எஞ்சிய 153 பேரிடம் கண்ட குற்றம் என்ன? காரணம் ஒன்றும் கூறப்படவில்லை. 1913இல் வெளிவந்த தம் சுயசரிதையில் ரூஸ்வெல்ட் பிரௌன்ஸ்வில் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை.

பிறகு நீண்ட மௌனம். அந்தக் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய் ஒருவனின் காகிதத்தைத் திருத்த வேண்டுமானால் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரைப் பிடித்து, அவனுக்கென்றே தனி மசோதா கொண்டுவரச் செய்ய வேண்டும். ஏழைக்கு நடக்கிற காரியமா அது? வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் 1877இல் தேறிய முதல் கறுப்பினத்தவரான ஹென்றி ஃபிளிப்பரின் கதை இதைக் காட்டும். கணக்கில் பணம் குறைந்ததையொட்டி 1881இல் அவர் ராணுவ நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டார். கையாடல் குற்றம் நிரூபணமாகவில்லை. அதிகாரிக்குத் தகாத நடத்தை என்ற குற்றத்துக்காக 1882இல் நீக்கப்பட்டார். 1898 முதல் அவருக்காகக் காங்கிரஸில் வந்த மசோதாக்கள் ஒவ்வொன்றாக மடிந்தன. அவரும் 1940இல் மறைந்தார்.

நிலைமை மாறியதற்குக் காரணம் இரண்டாவது உலக யுத்தம். லட்சக்கணக்கானோர் வீடு திரும்பும் தறுவாயில், 1944ஆம் ஆண்டு ஜூனில் முன்னாள் படைவீரர் மறுவாழ்வுச் சட்டம் நிறைவேறிற்று. கல்லூரிப் படிப்பு, வீட்டுக் கடன், வேலையில்லாக் காலத்து உதவி ஆகிய சலுகைகளைத் தந்த அதே சட்டம், விடுவிப்பின் தன்மையை மறுபரிசீலனை செய்யும் குழுக்களையும் ஏற்படுத்தியது. காகிதத்தின் மதிப்பு உயர்ந்ததால் கறைபட்ட காகிதத்தின் துன்பமும் உயர்ந்தது. அக்காலத்தில் நீல நிறக் காகிதத்தில் அச்சிட்ட விடுவிப்பு ஒன்று வழங்கிற்று; மரியாதையுடன் என்றும் சொல்லாது, அவமரியாதையுடன் என்றும் சொல்லாது. நிறத்தைக் கண்டதுமே முதலாளி வேலை இல்லை என்பார். சலுகை அலுவலகமும் கதவைச் சாத்தும். 1941 டிசம்பர் முதல் 1945 ஜூன் வரை ராணுவம் வழங்கிய நீலக் காகிதங்கள் 48,603. அவற்றுள் 10,806 கறுப்பினத்தவருக்கு. ராணுவத்தில் அவர்கள் பங்கோ பத்தில் ஒன்றுக்கும் குறைவு. கறுப்பினப் பத்திரிகையான பிட்ஸ்பர்க் கூரியர் இதை எதிர்த்து எழுதியது. 1947இல் நீலக் காகிதம் ஒழிந்தது.

1946ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனி மசோதா வழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்து, ராணுவ ஆவணங்களைத் திருத்தும் பொறுப்பைத் துறைகளிடமே ஒப்படைத்தது. அதிலிருந்து பிறந்தவை ஆவணத் திருத்தக் குழுக்கள். சிப்பாய் தானே விண்ணப்பிக்கலாம். இறந்துவிட்டால் வாரிசுகள் விண்ணப்பிக்கலாம். காலவரையறை உண்டு; நீதி வேண்டினால் அதைத் தளர்த்தவும் இடமுண்டு. ஃபிளிப்பரின் காகிதத்தை 1976இல் மாற்றியது இத்தகைய குழுவே. நீதிமன்றத் தீர்ப்பை அழிக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று கூறிவிட்டு, விடுவிப்பை மட்டும் மரியாதையுள்ளதாக்கி, 1882ஆம் ஆண்டுத் தேதியிட்டு வழங்கிற்று. தீர்ப்பின் கறையை 1999இல் ஜனாதிபதி கிளின்டனின் மன்னிப்புத் துடைத்தது.

பிரௌன்ஸ்வில் சிப்பாய்களுக்கு மீண்டும் கதவைத் திறந்தது ஒரு புத்தகம். ஜான் வீவர் என்னும் எழுத்தாளர் பழைய சாட்சியங்களையெல்லாம் மறுபடி புரட்டி 1970இல் ஒரு நூல் வெளியிட்டார். லாஸ் ஏஞ்ஜலிஸ் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினர் அகஸ்டஸ் ஹாக்கின்ஸ் 1971இல் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். ராணுவம் தானே மறு ஆய்வு செய்தது. 1972 செப்டம்பர் 28ஆம் தேதி ராணுவச் செயலாளர் ஃப்ரோல்கி, அன்று நீக்கப்பட்டவர்களின் விடுவிப்பை மரியாதையுள்ளதாக மாற்றி ஆணை பிறப்பித்தார். தனி மனிதரின் குற்றத்தை நிறுவாமல் கூட்டம் முழுவதையும் தண்டித்தது தவறு என்பதே அடிப்படை. பாக்கிச் சம்பளம் கிடையாது. சுட்டவர்கள் யார் என்பது அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

அந்த நீக்கத்தைச் சுமந்தே வாழ்ந்தவர்களில் அப்போது எஞ்சியிருந்தவர் டார்ஸி வில்லிஸ். 1906இல் அவருக்கு 20 வயது. அதன்பின் மின்னியாபொலிஸ் நகரில் ஒரு முடிதிருத்தும் நிலையத்தில் காலணிகளுக்குப் பாலிஷ் போட்டும் தரையைப் பெருக்கியும் 59 ஆண்டுகள் கழித்தார். உலகம் தமக்குச் சோறு போட வேண்டுமென்று தாம் எண்ணியதில்லை, உழைத்துச் சம்பாதிக்கும் வாய்ப்பையே பறித்துவிட்டார்கள் என்ற பொருள்படப் பத்திரிகையாளரிடம் கூறினார். 1973 பிப்ரவரி 11ஆம் தேதி, அவரது 87ஆவது பிறந்த நாளன்று, அந்நகரத்து மாதா கோயில் ஒன்றில் மக்கள் கூடியிருக்க, ராணுவ அதிகாரிகள் வந்து புதிய காகிதத்தை அவர் கையில் கொடுத்தனர். அதே ஆண்டில் காங்கிரஸ் ஒரு சட்டம் செய்து அவருக்கு 25,000 டாலரும், மறுமணம் செய்துகொள்ளாத விதவையர் ஒவ்வொருவருக்கும் 10,000 டாலரும் அளிக்க ஒப்பியது. ஏனையோரின் காகிதங்களைப் பெற்றுக்கொள்ள ஆளில்லை.

டார்ஸி வில்லிஸ் 1977 ஆகஸ்டில் காலமானார். ஸ்னெலிங் கோட்டையிலுள்ள தேசிய ராணுவ மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள்.