முதல் கடிக்கு மன்னிப்பு உண்டா?

நியூஜெர்சியின் எடிசனிலும், டெக்சாஸின் பிளேனோவிலும், கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டிலும் மாலை நேரத்தில் தெருவில் நடந்து பார்த்தால் காட்சி ஒன்றுதான். ஒரே மாதிரிப் புல்வெளிகள், ஒரே மாதிரி நடைபாதை, ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மாவும் அப்பாவும் மெதுவாக நடந்து போவார்கள். எங்கோ ஒரு வீட்டின் கராஜ் கதவு திறந்திருக்கும். அதிலிருந்து கயிறு இல்லாமல் ஒரு நாய் பாய்ந்து வரும். பின்னாலேயே அதன் சொந்தக்காரர் சிரித்துக்கொண்டே வந்து, "பயப்படாதீர்கள், ஒன்றும் செய்யாது" என்பார்.

காட்சி ஒன்றானாலும் சட்டம் ஒன்றல்ல. அதே நாய் அதே காலில் கடித்தால் நியூஜெர்சியிலும் கலிஃபோர்னியாவிலும் ஒரு தீர்ப்பு, டெக்சாஸில் வேறொன்று. இந்த வேறுபாட்டுக்குப் பின்னால் முந்நூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. "ஒன்றும் செய்யாது" என்ற சொல்லை யார் நம்ப வேண்டும், நம்பி ஏமாந்தால் செலவு யாருடையது என்பதைப் பற்றிய வரலாறு அது.

ஆட்டுக்கு முதலில், ஆளுக்குப் பிறகு

குரைக்கிற நாய் கடிக்காது என்பது நம் பழமொழி. ஆங்கிலேயப் பொதுச்சட்டமும் ஏறக்குறைய இதையேதான் நம்பியது. 1699-இல் மேசன் எதிர் கீலிங் என்ற வழக்கில், தெருவில் போன ஒருவரை ஒரு நாய் கடித்துவிட்டது. இங்கிலாந்தின் தலைமை நீதிபதி ஹோல்ட் எடுத்துக்கொண்ட நிலை இதுதான்: சிங்கமும் கரடியும் இயல்பிலேயே கொடியவை, நாய் அப்படியல்ல. ஆகவே இந்த நாய் கடிக்கும் என்று சொந்தக்காரருக்கு முன்பே தெரிந்திருந்தது என்பதைக் கடிபட்டவர் நிரூபிக்க வேண்டும். நிரூபிக்க முடியாவிட்டால் இழப்பீடு இல்லை.

முன்பே தெரிந்திருந்தது என்பதை எப்படி நிரூபிப்பது? அந்த நாய் முன்பு யாரையாவது கடித்திருந்தால் அதுவே எளிய சான்று. அதனால் வழக்கறிஞர்கள் இதற்குக் கேலியாக "ஒரு கடி விதி" என்று பெயர் வைத்தார்கள். முதல் கடிக்கு நாய்க்கு மன்னிப்பு, அதன் விலையைக் கடிபட்டவர் கொடுத்துவிட வேண்டும்.

இந்த விதியை முதலில் உடைத்தது மனிதரின் கால் அல்ல, ஆடு. ஸ்காட்லாந்தில் ஒரு நாய் ஆடுகளைக் கொன்ற வழக்கு 1855-இல் பிரபுக்கள் சபை வரை போனது. அங்கும் ஆட்டுக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வரவில்லை. நிலவுடைமையாளர்கள் நிறைந்த நாடாளுமன்றம் சும்மா இருக்குமா? 1863-இல் ஸ்காட்லாந்துக்கும் 1865-இல் இங்கிலாந்துக்கும் நாய்ச் சட்டங்கள் வந்தன. ஆட்டையோ மாட்டையோ நாய் கடித்தால், அதன் பழைய குணம் தெரியுமா தெரியாதா என்ற கேள்வியே வேண்டாம், சொந்தக்காரர் பணம் கட்ட வேண்டும். மனிதரைக் கடித்தால் மட்டும் பழைய விதியே நீடித்தது. தபால்காரரின் காலைவிடச் செம்மறியாட்டின் காலுக்கு மதிப்பு அதிகமாக இருந்த காலம் அது.

அந்தப் பொதுச்சட்டம்தான் கப்பலேறி அமெரிக்கா வந்தது. நகரங்கள் பெருகி, வீட்டுக்கு வீடு தபாலும் பாலும் போகத் தொடங்கிய பிறகு இது எடுபடவில்லை. 1931-இல் கலிஃபோர்னியாவும் 1933-இல் நியூஜெர்சியும் தனிச் சட்டம் இயற்றின. பொது இடத்திலோ, முறைப்படி போன தனியார் இடத்திலோ ஒருவரை நாய் கடித்தால், அதன் முந்தைய குணமும் அதைப் பற்றிச் சொந்தக்காரருக்குத் தெரிந்திருந்ததா என்பதும் பொருட்டல்ல, பொறுப்பு அவருடையதே. முதல் கடிக்கான மன்னிப்பு இந்த இரு மாநிலங்களிலும் அன்றோடு முடிந்தது.

ஒரு நுணுக்கம் உண்டு. இரு சட்டங்களும் பேசுவது கடியைப் பற்றி மட்டுமே. நாய் மேலே பாய்ந்து, எழுபது வயதுக்காரர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால், பல் படவில்லை என்பதால் இந்தச் சட்டம் பொருந்தாது. சொந்தக்காரரின் கவனக்குறைவைத் தனியே நிரூபிக்க வேண்டும்.

டெக்சாஸின் பன்றி

டெக்சாஸ் அப்படியொரு சட்டத்தை இயற்றவில்லை. அங்கே இன்றும் அடிப்படை பழைய பொதுச்சட்டமே. ஆனால் அதைக் கூர்மைப்படுத்திய தீர்ப்பு ஒன்று உண்டு. அதன் நாயகன் நாயல்ல, பன்றி.

1974-இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் தீர்த்த மார்ஷல் எதிர் ரான் வழக்கு அது. பக்கத்துப் பண்ணையின் ஆண்பன்றி ஒன்று மார்ஷலைப் பத்துப் பன்னிரண்டு முறை துரத்தியிருந்தது. பன்றிக்காரரிடம் அவர் பலமுறை சொல்லியும் பார்த்தார். 1970 ஜனவரியில், வீட்டிலிருந்து காருக்குப் போகும்போது அது அவர் கையைக் கடித்துக் குதறியது. ஜூரி என்ன சொன்னது தெரியுமா? பன்றி கொடியது, உரிமையாளருக்கும் அது தெரியும். ஆனாலும் மார்ஷலிடம் துப்பாக்கி இருந்ததே, முன்பே சுட்டிருக்கலாமே, சுடாமல் விட்டது அவர் தவறு! ஏன் சுடவில்லை என்பதற்கு மார்ஷல் தந்த விளக்கம் எளியது. அக்கம்பக்கத்தில் இருப்பவர் செய்யும் காரியமா அது?

கீழ் நீதிமன்றங்களில் அவர் தோற்றார். உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. கொடியது என்று தெரிந்தே ஒரு விலங்கை வைத்திருப்பவருக்கு முழுப் பொறுப்பு உண்டு, கடிபட்டவரின் கவனக்குறைவைக் காட்டித் தப்ப முடியாது. ஆபத்தைத் தெரிந்தேதானே வெளியே வந்தார் என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. சொந்த வீட்டிலேயே கைதியாக அடைந்து கிடப்பது, அல்லது காருக்குப் போகும் வழியில் ஆபத்தைச் சந்திப்பது என்ற இரண்டுமட்டுமே ஒருவருக்கு மிஞ்சினால், அதற்குப் பெயர் விருப்பத் தேர்வு அல்ல.

நாய்க்குப் பயந்து தெருவின் மறுபக்கம் நடக்கிறவர்கள், குழந்தையைக் கொல்லைப்புறத்தில் விளையாட விடாதவர்கள், பெற்றோரை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறவர்கள் எல்லாருக்குமான தீர்ப்பு இது. ஆனால் இதன் அச்சாணி "தெரிந்தே" என்ற சொல். உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது என்பதற்குச் சான்று வேண்டும்.

சான்றோ தண்டனைப் பிரிவோ போதாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் டெக்சாஸ் பார்த்தது. 2004 நவம்பரில் தார்ண்டேல் அருகே, 76 வயது லிலியன் ஸ்டைல்ஸ் தன் வீட்டுப் புல்லை வெட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்து நாய்க் கூட்டம் ஒன்று பாய்ந்து அவரைக் கொன்றது. நாய்களின் உரிமையாளர் குற்ற வழக்கில் விடுதலையானார். அதன் விளைவாக 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்ததுதான் "லிலியன் சட்டம்". கட்டிவைக்காமல் விட்ட நாய் வெளியே போய்க் கடுங்காயம் விளைவித்தால் 2 முதல் 10 ஆண்டு வரை சிறை, உயிர் போனால் 20 ஆண்டு வரை.

முப்பது சம்பவங்கள்

சான் ஃபிரான்சிஸ்கோவின் பசிஃபிக் ஹைட்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஆறாவது தளம். 2001 ஜனவரி 26 மாலை, டயான் விப்பிள் மளிகைப் பைகளோடு வீடு திரும்பினார். வயது 33, செயின்ட் மேரிஸ் கல்லூரியில் லக்ரோஸ் பயிற்சியாளர். அதே தளத்தில் குடியிருந்த மார்ஜரி நாலர், ராபர்ட் நோயல் என்ற வழக்கறிஞர் தம்பதியின் பேன், ஹீரா என்ற இரண்டு பெரிய பிரேசா கனாரியோ நாய்கள் கதவருகிலேயே அவரைத் தாக்கின. அன்றே அவர் இறந்தார்.

வழக்கு பரபரப்பால் லாஸ் ஏஞ்சலஸுக்கு மாற்றப்பட்டது. 2002 மார்ச்சில் நாலர் இரண்டாம் நிலைக் கொலைக் குற்றவாளி என்று ஜூரி சொன்னது. பாய்ந்து கொல்லும் விலங்கை அலட்சியமாக விட்டுவைப்பது குற்றம் என்னும் கலிஃபோர்னியத் தண்டனைச் சட்டத்தின் 1872-ஆம் ஆண்டுப் பிரிவின் கீழும் இருவரும் தண்டிக்கப்பட்டார்கள். விசாரணை நீதிபதி கொலைத் தீர்ப்பை நீக்க, வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் போய் 2007-இல் திரும்பி வந்தது. 2008-இல் கொலைத் தீர்ப்பு மீண்டும் உறுதியாகி, நாலருக்கு 15 ஆண்டு முதல் ஆயுள்வரை சிறை விதிக்கப்பட்டது.

விப்பிளின் இணையர் ஷரன் ஸ்மித் இழப்பீட்டு வழக்குத் தொடுத்தார். திருமணமாகாத இணையருக்கு அந்த உரிமை உண்டா என்ற கேள்வி எழுந்தது. பதிவு செய்த இணையருக்கு உண்டு என்று அதே ஆண்டு மாநிலம் சட்டமே இயற்றியது. ஒரு நாய் வழக்கு குடும்பம் என்பதன் வரையறையையும் தொட்டுவிட்டுப் போனது.

ஆனால் அந்தத் தீர்ப்பில் என்னை உலுக்கியது வேறொரு வரி. அந்த நாய்கள் வந்ததிலிருந்து விப்பிள் இறக்கும் நாள்வரை, அவை கட்டுப்பாடு மீறியதும் மிரட்டியதுமாக ஏறத்தாழ 30 சம்பவங்கள் நடந்திருந்தன என்று உச்ச நீதிமன்றம் குறித்திருக்கிறது. லிஃப்டில் ஒன்று, நடைபாதையில் ஒன்று, பூங்காவில் ஒன்று. கால்நடை மருத்துவர் ஒருவர் கடிதமே எழுதி எச்சரித்திருந்தார். ஒவ்வொன்றும் ஒவ்வொருவர் நினைவில் தனியாகக் கிடந்தது. எல்லாம் ஒன்றாகக் கோர்க்கப்பட்டது குற்றவியல் நீதிமன்றத்தில், ஓர் உயிர் போன பிறகு.

எழுதிக் கொடுப்பது

மூன்று மாநிலங்களும் கடி நேரும் முன்பே தலையிட வழி வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவும் நியூஜெர்சியும் 1989-இலும், டெக்சாஸ் 1991-இலும் ஆபத்தான நாய்கள் பற்றிய சட்டங்களை இயற்றின. கலிஃபோர்னியாவில், சீண்டாமலேயே 36 மாதங்களுக்குள் இருமுறை ஒருவரைத் தற்காத்துக்கொள்ள வைக்கும்படி பாய்ந்தால் போதும், அது "ஆபத்து விளைவிக்கக்கூடிய நாய்" என்று விசாரிக்கப்படலாம். டெக்சாஸில், கட்டிவைத்த இடத்துக்கு வெளியே வந்து, கடிக்கப் போகிறது என்று நியாயமாக நம்பும்படி பாய்ந்தாலே புகார் தரலாம். புகார் உறுதியானால் நாயைப் பதிவு செய்ய வேண்டும், கட்டிவைக்க வேண்டும், குறைந்தது 1,00,000 டாலருக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். நியூஜெர்சியில் 6 அடி வேலி, வெளியே வந்தால் வாய்க்கூடு, 3 அடிக்கு மேற்படாத கயிறு. மூன்றுமே இனத்தைப் பார்த்து நாயைத் தண்டிக்க ஊராட்சிகளை அனுமதிப்பதில்லை. பார்க்க வேண்டியது செயலை.

சட்டம் நாய்க்கும் கொடுமை செய்யக்கூடும் என்பதற்கு நியூஜெர்சியிலேயே சான்று உண்டு. 1990 கிறிஸ்துமஸ் அன்று ஹாவொர்த் என்ற சிற்றூரில் டாரோ என்ற அகிடா நாயால், விருந்துக்கு வந்த உறவுச் சிறுமிக்கு உதட்டில் காயம். சிறுமி திடுக்கிடச் செய்ததால் நாய் நகத்தால் கீறியது என்றார்கள் சொந்தக்காரர்கள். புதிய சட்டத்தின்படி அதற்கு மரண உத்தரவு வந்தது. வழக்கு மேல் நீதிமன்றங்களில் ஏறி இறங்க, நாய் மூன்று ஆண்டு காவலில் கிடந்தது. 1994 ஜனவரியில் பதவியேற்ற சில நாட்களில் ஆளுநர் கிறிஸ்டின் டாட் விட்மன் அதை விடுவித்தார், மாநிலத்தை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஒரு நாய்க்கு நாடுகடத்தல்!

நம்மவர்கள் புகார் கொடுக்கத் தயங்குவதற்கு டாரோ போன்ற கதைகளும் ஒரு காரணம். "நாம் எழுதிக் கொடுத்து அதைக் கொன்றுவிட்டால்?" இன்னொரு காரணம் நாம் கூடவே கொண்டுவந்தது. ஊரில் தெருநாய்க்குச் சொந்தக்காரர் இல்லை. நாயைக் கண்டால் கல்லைத் தேடுவோம், யாரிடமும் முறையிட மாட்டோம். சொந்தக்காரர் உள்ள நாயைப் பற்றி இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-லேயே 289-ஆம் பிரிவை வைத்திருந்தது. 2024 மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில், மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர்கள் கடித்துக் குதறியபோதுதான் ஊரே வளர்ப்பு நாய்க்கான உரிமத்தைப் பற்றிப் பேசத் தொடங்கியது. மூன்றாவது காரணம், நாம் வந்தேறிகள் என்ற உள்குரல். பார்த்தால் கையசைக்கிறவர், பனி பெய்தால் நம் வாசலையும் தள்ளிக் கொடுக்கிறவர். அவரைப் பற்றி நகராட்சிக்கு எப்படி எழுதுவது?

மார்ஷலுக்கும் இதே சங்கடம்தான். அவர் சுடவில்லை, ஆனால் சொல்லாமல் இருக்கவில்லை. அவர் திரும்பத் திரும்பச் சொன்னதுதான் "உரிமையாளருக்குத் தெரியும்" என்பதற்கு அடித்தளமானது. முதலில் சொந்தக்காரரிடம் நேரில் ஒரு பேச்சு. அடுத்தது தேதியிட்ட ஒரு மின்னஞ்சல். அதற்கும் பிறகு விலங்குக் கட்டுப்பாட்டுத் துறைக்கு, நாள், நேரம், இடம், நடந்தது என்ற நான்கோடு ஒரு புகார். இது பகை அல்ல. வேலியும் வாய்க்கூடும் கயிறும் ஒரு நாயைச் சாக விடுவதில்லை. அவை வராமல் போய் ஒரு பெரிய கடி நேர்ந்த பிறகுதான் நாயின் உயிருக்கும் ஆபத்து. விப்பிள் இறந்த அன்றே பேன் ஊசி போட்டுக் கொல்லப்பட்டது. ஹீராவை அடுத்த ஆண்டு கொன்றார்கள்.

முதல் கடிக்கு மன்னிப்பு என்ற விதியைக் கலிஃபோர்னியாவும் நியூஜெர்சியும் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்டன. டெக்சாஸில் அது இன்னும் பாதி உயிரோடு இருக்கிறது. மூன்றிலும், கடி நேரும் முன்பு நடப்பதை எழுதி வைக்கும் பொறுப்பை அக்கம்பக்கத்தாரிடமே விட்டிருக்கிறார்கள். அந்த அக்கம்பக்கத்தாரில் இப்போது நாமும் இருக்கிறோம்.