எண்ணெய் போன பிறகு வந்த கறி

1935-ல் வார்தாவின் மகன்வாடியில் காந்தியின் சமையற்கட்டுக்குள் சோயா பீன்ஸ் நுழைந்தது. ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, உடனிருந்தவர்களுக்குப் பரிமாறச் செய்து, அந்தச் சோதனையைப் பற்றி ‘ஹரிஜன்’ இதழிலும் எழுதினார். பரோடா சமஸ்தானத்துக்கும் அப்போது இந்தப் பயறின் மீது ஒரு மோகம். அங்கே உணவு ஆய்வுத் துறையில் இருந்த எஃப்.எஸ். காலே அதைப் பற்றித் தனி நூலே எழுதிவிட்டார். மகாத்மாவும் மகாராஜாவும் சிபாரிசு செய்தும் ஊர் மசியவில்லை, சோயாவும் மசியவில்லை. எவ்வளவு வேகவைத்தாலும் துவரம்பருப்பு மாதிரிக் குழையாது, பச்சை வாடையும் போகாது.

அதே சோயாதான் இன்று மீல் மேக்கர் பிரியாணியாகத் தட்டில் விழுகிறது. இடையில் நடந்தது எண்ணெய்க் கதை.

1960களில் ஜபல்பூர், பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகங்கள் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சோயா ரகங்களைச் சோதித்தன. மத்தியப் பிரதேசத்தின் கரிசல் காடுகளில் அப்போது மழைக்காலத்தில் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு, பனிக்காலத்தில் கோதுமையோ கடலையோ விதைப்பதுதான் பெருவழக்கு. அந்தச் சும்மா கிடந்த பருவத்துக்குள் சோயா கச்சிதமாகப் பொருந்தியது. விவசாயிக்கு ஒரு போகம் கூடுதல், ஆலைக்கு எண்ணெய். விதையில் எண்ணெய் ஐந்தில் ஒரு பங்கு கூட இல்லை. புரதமோ கிட்டத்தட்ட 40 சதவீதம். எண்ணெய் எடுத்த பிறகு அத்தனை புரதமும் புண்ணாக்கில் தங்கிவிடும். புண்ணாக்கு என்றால் நமக்கு மாட்டுத் தொட்டிதான் ஞாபகம் வரும். அமெரிக்க ஆலைக்காரர்களுக்கு வேறு யோசனை வந்தது.

அங்கே ஹென்றி ஃபோர்டின் சோயா ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்த ராபர்ட் பாயர், சோயாப் புரதத்தை நூலாக இழுத்துத் துணி நெய்யப் பார்த்தவர். பின்னால் அதே இழையை உணவாக்கி, 1954-ல் காப்புரிமை பெற்றார். செலவு பிடித்த வேலை அது. வழியை எளிதாக்கியது ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம். அதன் வில்லியம் அட்கின்சனுக்கு 1970-ல் காப்புரிமை கிடைத்தது. எண்ணெய் நீக்கிய சோயா மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, சூடான உருளைக்குள் திருகாணியால் நெட்டித் தள்ளுகிறார்கள். உள்ளே கடும் அழுத்தம், கொதிநிலையைத் தாண்டிய வெப்பம். முனைத் துளை வழியாக வெளியே வந்ததும் உள்ளிருக்கும் நீர் சட்டென்று ஆவியாகி, மாவு பொரிந்து உப்புகிறது. புரதம் இழை இழையாக அணிவகுத்து நிற்கிறது. வெட்டிக் காயவைத்தால் உருண்டை தயார்.

இந்தியாவில் 1970களில் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில் இது ‘நியூட்ரி நக்கெட்’ என்ற பெயரில் தயாரானது. அமிர்தசரஸ் தெருக்களில் இன்றும் நியூட்ரி குல்ச்சா என்று கேட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். தெற்கே மீல் மேக்கர் என்ற வணிகப் பெயர் ஒட்டிக்கொண்டது. இலங்கையில் இது சோயாமீற். மசாலாப் பொட்டலத்தோடு கடைக்குக் கடை தொங்கும்.

இந்த உருண்டைக்குச் சொந்தச் சுவை கிடையாது. உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் போட்டு, குளிர்ந்த நீரில் அலசி, உள்ளங்கையில் வைத்து ஒட்டப் பிழிய வேண்டும். முதல் பிழியலில் மங்கிய நுரைத்தண்ணீர் வரும், வாடை அதில்தான் இருக்கிறது. சோம்பல்படாமல் இரண்டாவது முறையும் பிழிந்தவர் வீட்டுக் குருமாவுக்கும், பிழியாதவர் வீட்டுக் குருமாவுக்கும் உள்ள வித்தியாசம் வாயில் வைத்ததும் தெரியும். பிழிந்த பிறகு பட்டை, சோம்பு, இஞ்சி பூண்டு எதைக் கொடுத்தாலும் குடித்துவிடும்.

சைவக்காரர்களுக்குக் கறி மாதிரி ஒன்று ஏன் வேண்டும் என்ற கேள்வி பழையது. சீனாவில் 6-ஆம் நூற்றாண்டில் லியாங் பேரரசர் வூ, புத்த துறவிகள் புலால் உண்பதைத் தடுத்தார். பின்னர் டாங் காலத்து அதிகாரி சுய் அன்சியன் தன் விருந்தில் மாவுக்கும் கிழங்குக்கும் சாயம் ஏற்றி, பன்றித் தோள், ஆட்டுத் தொடை என்று அசலைப் போலவே படைத்ததாகக் குறிப்பு இருக்கிறது. கறி ருசி தெரிந்தவர்கள் அதை விட்டபோது பிறந்த கலை அது. பரம்பரைச் சைவ வீடுகளுக்கு அந்த ஏக்கம் இல்லை. நார் நாராகக் கடிபடுவதே அவர்களில் பலருக்குக் குமட்டல்.

தமிழ்நாட்டில் மீல் மேக்கரைத் தாங்கிப் பிடித்தவர்கள் கறி தின்பவர்கள்தான் என்று தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை, கிருத்திகை, புரட்டாசி மாதம் முழுக்க அசைவம் விலக்கும் வீடுகளில் கறிக்குழம்பு மசாலாவுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. அதற்கு முன்பு அந்த வேலையைப் பலாக்காயும், மீனைப் போல வறுத்த சேனையும் பார்த்துவந்தன. மீல் மேக்கர் வருடம் முழுக்கக் கிடைக்கிறது, அழுகுவதில்லை, கறி விலையில் சின்னப் பங்குதான். மலிவு விலைதான் அதை ஜெயிக்க வைத்தது. ஜீவகாருண்யத்துக்கு இதில் பங்கு குறைவு.

2013-ல் தமிழக அரசு சத்துணவில் கலவை சாத வகைகளைச் சோதனை முறையில் கொண்டுவந்தபோது, பட்டியலில் மீல் மேக்கர் காய்கறி சாதமும் இடம்பெற்றது. தொட்டுக்கொள்ள மிளகு முட்டை.