பாதிக் கதை எழுதிய சிராவகர்

தீபாவளியன்று வர்த்தமானர் முத்தியடைந்த நாளைப் போற்றி, மறுநாள் வீரநிர்வாணப் புத்தாண்டைத் தொடங்குகிறோம். வடநாட்டு வணிகச் சமணர் அப்பொழுது புதுக் கணக்கேடு திறப்பர். தம் வாழ்வையே கணக்கேடாக எழுதிய வணிகர் ஒருவர் அவர்களிடையே இருந்தார். பனாரசிதாசர் என்பது அவர் பெயர்.

1586இல் ஜவுன்பூரில் பிறந்தவர். 1641இல் ஆக்ராவில் வாழ்ந்தபோது, 'அர்த்தகதானகம்' என்னும் தன்வரலாற்றை 675 செய்யுள்களில் இயற்றினார். மனிதரின் நிறைவாழ்நாள் 110 ஆண்டு என்று கொண்டு, தாம் கடந்த 55 ஆண்டுகளைப் பாதிக் கதை என்றார். இந்தியின் முதல் தன்வரலாறு என்று ஆய்வாளர் பலர் இதனைக் குறிப்பர்.

அந்நூலில் பெருமைக்குரியவை குறைவு. நாள்தோறும் வாயிலில் பொற்காசு கிடைக்கும் என்று சந்நியாசி ஒருவன் சொன்ன மந்திரத்தை ஓராண்டு உருவேற்றி ஏமாந்தது, வணிகத்தில் முதலிழந்து ஆக்ராவில் கச்சோரிக் கடைக்காரரிடம் மாதக்கணக்கில் கடனுக்கு உண்டது, தாம் பாடிய சிற்றின்பக் காவியத்தைக் கோமதி ஆற்றில் எறிந்தது என எல்லாவற்றையும் எழுதுகிறார். அக்பர் இறந்த செய்தி கேட்டுப் படிக்கட்டில் மயங்கி விழுந்து மண்டை உடைந்ததையும் விடவில்லை. பிறந்த ஒன்பது மக்களும் இறந்ததைச் சொல்லுமிடத்தில் மட்டும் சொற்கள் மிகச் சுருங்கிவிடுகின்றன.

நமக்கு மிக நெருக்கமான பகுதி ஒன்று உண்டு. நம் பொன்னூர்மலையோடு மரபு தொடர்புபடுத்தும் குந்தகுந்தாசாரியரின் சமயசாரம், உரையுடன் அவர் கைக்குக் கிடைத்தது. தூய ஆன்ம நிலையில் நின்றவருக்குப் பிரதிக்கிரமணமும் விடக்குடமே என்று ஆசாரியர் கூறும் இடம் அந்நூலில் இருக்கிறது. அது முனிவரின் உயர்நிலை பற்றிய பேச்சு. இல்லறத்தாராகிய பனாரசிதாசரோ நிச்சய நயத்தை மட்டும் பற்றிக்கொண்டு ஜபம், தவம், சாமாயிகம், பிரதிக்கிரமணம் அனைத்தையும் விட்டார். நண்பர்களோடு அறைக்குள் ஆடை களைந்து ஆடி, தம்மை முனிவர் என்று சொல்லிச் சிரித்தார். ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின், பாண்டே ரூப்சந்த் ஆக்ராவில் கோம்மடசாரத்தை விளக்கக் கேட்டபோதுதான் அவரவர் குணஸ்தானத்துக்கு ஏற்ற ஒழுக்கம் உண்டு என்பது அவருக்குத் தெளிந்தது.

பகல், இரவு, பதினைந்து நாள், நான்கு மாதம், ஆண்டு என்று காலம் வகுத்துத் தம் குற்றங்களை நினைந்து விலகுவது பிரதிக்கிரமணம். அதனைக் கைவிட்டவர், கைவிட்ட செய்தியையும் சேர்த்து எழுதினார். ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்கு ஒருசேரச் செய்த பிரதிக்கிரமணமாகவே அந்நூலை நான் படிக்கிறேன்.

இங்கே என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆசிரியப் பணியில் சேர்ந்த நாள்முதல் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். சென்ற ஆண்டிறுதியில் பழைய குறிப்பேடுகளை எடுத்துப் படித்தேன். உடன் பணியாற்றியவர் இழைத்த தீங்கு, உறவினர் சொன்ன சுடுசொல், தேதியும் கிழமையும் தவறாமல் இருந்தன. நான் ஒரு மாணவனை வகுப்பு முழுவதும் பார்க்க இகழ்ந்து பேசிய நாளைத் தேடினேன். நினைவில் நன்றாக இருக்கும் நாள் அது. குறிப்பேட்டில் அன்று மழை பெய்தது என்று மட்டும் இருந்தது.

பனாரசிதாசர் நூலின் இறுதியில் தம் குணங்களையும் குற்றங்களையும் அடுத்தடுத்து எழுதுகிறார். கவிபாடும் திறம், பொறுமை ஆகியவற்றைச் சொன்ன கையோடு, பொருளாசை மிகுதி, சிறு இலாபத்துக்குப் பெருமகிழ்ச்சி, சிறு இழப்புக்குப் பெருந்துயர், பொய்க்கதை புனைதல், தனிமை கிடைத்தால் ஆடுதல் என்று அடுக்குகிறார். தனிமையில் ஆடுவதை யார் கண்டார்? எழுதாமல் விட்டிருக்கலாம்.

அதன்பின் அவர் நெடுநாள் வாழவில்லை. எஞ்சிய பாதிக் கதை எழுதப்படவில்லை.