மாற்றுச் செயலிகளில் லினக்ஸ்: தமிழ்நாட்டு முயற்சிகள்

இன்டெல், ஏ.எம்.டி. நிறுவனங்களின் எக்ஸ்86 குடும்பத்தைச் சேராத செயலிகளில், லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளங்களைக் குறைந்த செலவில் ஓட்ட நடந்த முயற்சிகளைப் பற்றியது இக்கட்டுரை. இந்தியாவில் இவற்றுக்குக் கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் இவற்றின் மையம் சென்னை ஐ.ஐ.டி. அங்கே 2014-இல் தொடங்கிய சக்தி திட்டம், செயலியின் வடிவமைப்பையே யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்து வைத்தது. ஆனால் வடிவமைப்பு இலவசமாகக் கிடைப்பது வேறு. செஞ்சி, தேசூர், சீயமங்கலம் போன்ற ஊர்களில் இருக்கும் ஒரு மாணவர் கைக்கு அந்தச் செயலி பொருத்திய பலகை கட்டுபடியாகும் விலையில் வந்து சேர்வது வேறு. முதலாவது நடந்துவிட்டது. இரண்டாவது ஏன் இன்னும் நடக்கவில்லை என்பதே இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி.

பின்னணி

லினக்ஸ் 1991-இல் இன்டெல் 386 செயலிக்காக எழுதப்பட்டது. 1995 வாக்கில் டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா செயலியிலும் அது ஓடத் தொடங்கியது. செயலியைச் சார்ந்த பகுதியை, இயங்குதளத்தின் கருவான கெர்னலில் தனியே பிரிக்க வேண்டிய தேவை அப்போதுதான் வந்தது. பிறகு ஸ்பார்க், மிப்ஸ், பவர்பிசி, ஆர்ம் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. சேர்ந்தவை எல்லாம் நிலைக்கவில்லை. லினக்ஸ் பிறந்த 386-க்கான ஆதரவே 2012-இல் நீக்கப்பட்டது. இன்டெல் பெரும்பணம் போட்டு உருவாக்கிய ஐட்டேனியமும் 2023 இறுதியில் வெளியேற்றப்பட்டது. பராமரிக்க ஆள் இல்லாத செயலியைக் கெர்னல் சுமப்பதில்லை. மாற்றுச் செயலி வாங்குகிறவர் விலையைக் கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி, இதற்கான நிரல் மூலக் கெர்னலில் இருக்கிறதா என்பது.

எக்ஸ்86-ஐ விட்டு விலக இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று விலை. மற்றொன்று கட்டுப்பாடு. இன்றைய இன்டெல் செயலிகளோடு வரும் மேலாண்மை நிரல் மூடப்பட்டது. உரிமையாளரால் அதைப் படிக்கவும் முடியாது, முழுதாக நீக்கவும் முடியாது. கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன், சீனாவின் லூங்சன் செயலி கொண்ட லெமோட் மடிக்கணினியைப் பல ஆண்டுகள் பயன்படுத்தியது இதனால்தான். நம் ஊரில் முதலில் முன்னுக்கு வந்தது விலை.

சிம்ப்யூட்டர் முதல் ராஸ்பெரி பை வரை

பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனப் பொறியாளர்களும் சேர்ந்து 2001-இல் வெளியிட்ட சிம்ப்யூட்டர், இந்த வரிசையில் முதலாவது. உள்ளங்கையில் அடங்கும் கருவி, உள்ளே ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, அதன்மேல் லினக்ஸ். தமிழ், கன்னடம், இந்தி ஆகிய மொழிகளைக் காட்டவும் பேசவும் வடிவமைக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருள் உரிமங்களைப் பின்பற்றி, வன்பொருளுக்கும் ஒரு பொது உரிமத்தை எழுதினார்கள். திறந்த வன்பொருள் என்ற பேச்சு உலக அளவில் பரவுவதற்கு முன்பே இங்கே நடந்த காரியம் இது. இதற்குரிய பெருமை சிம்ப்யூட்டருக்குக் கிடைக்கவில்லை. 2004-இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் தயாரிப்பில் அமிடா சிம்ப்யூட்டர் சந்தைக்கு வந்தபோது, விலை ஏறத்தாழ 10,000 ரூபாயில் தொடங்கியது. கிராமத்துக்கென்று எண்ணிய கருவிக்கு அது பெரிய தொகை. விற்பனை சில ஆயிரங்களோடு நின்றது. எண்ணிக்கை குறைந்ததால் விலை இறங்கவில்லை. விலை இறங்காததால் எண்ணிக்கை கூடவில்லை.

சென்னையில் நோவாட்டியம் நிறுவனம் வேறு வழியில் முயன்றது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, தொழில்முனைவர் ராஜேஷ் ஜெயின், அனலாக் டிவைசஸ் நிறுவனர்களில் ஒருவரான ரே ஸ்டேட்டா ஆகியோர் இதன் பின்னணியில் இருந்தனர். வழக்கமான கணினிச் செயலிக்குப் பதிலாக, ஒலி, ஒளிச் சமிக்ஞைகளைக் கையாளும் மலிவான சில்லு ஒன்றை வைத்து, கணக்கிடும் வேலையைத் தொலைவிலுள்ள சர்வரிடம் விட்டார்கள். கருவியின் விலை குறைந்தது. ஆனால் பிணைய இணைப்பு அறுந்தால் மேசைமேல் இருப்பது வெறும் பெட்டி.

இதே காலத்தில் சென்னையின் பங்களிப்பு மென்பொருளில் வலுவாக இருந்தது. சி-டாக் என்ற மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியபோது, அவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டு வந்தது. செயலி என்னவோ வழக்கமான எக்ஸ்86தான். அப்படியும், தமிழ்நாட்டுக் கிராமங்களில் லினக்ஸ் திரையை முதன்முதலாகப் பலர் பார்த்தது இந்த மடிக்கணினிகளில்தான்.

2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் 35 டாலருக்கு வெளியான ராஸ்பெரி பை நிலைமையை மாற்றியது. அதன் செயலி பழைய ஆர்ம்வி6 வகை. டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பின் வேகமான ஆர்ம் பதிப்போ அதற்கு அடுத்த ஆர்ம்வி7 வகைக்காகத் தொகுக்கப்பட்டது. இடைப்பட்டுத் தவித்த இந்தச் சில்லுக்காக, மைக் தாம்சன், பீட்டர் கிரீன் என்ற இருவர் ஆயிரக்கணக்கான மென்பொருள் பொதிகளை மறுபடி தொகுத்து ராஸ்பியனை உருவாக்கினார்கள். அந்த உழைப்பு நடந்திராவிட்டால் 35 டாலர் பலகை ஒரு பொம்மையாக முடிந்திருக்கும். அதைவிட மலிவான ஆர்ம் பலகைகளும் ஆண்ட்ராய்டு டி.வி. பெட்டிகளும் பின்னர் வந்து குவிந்தன. தயாரிப்பாளர் கொடுத்த பழைய கெர்னலோடு அவற்றில் பல கைவிடப்பட்டன. சில்லுக்குச் சில்லு உட்கட்டமைப்பு மாறுபடுவதால், எந்தக் கருவி எந்த முகவரியில் இருக்கிறது என்ற விவரப் பட்டியலை யாராவது எழுதித் தந்தால்தான் கெர்னல் அந்தப் பலகையை அடையாளம் காணும். அந்தப் பட்டியல் இல்லாத பலகை எவ்வளவு மலிவானாலும் காசுக்குக் கேடு.

சக்தி

கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2010-இல் கிரஸ்டே அசனோவிச், டேவிட் பேட்டர்சன் ஆகியோரும் மாணவர்களும் உருவாக்கத் தொடங்கிய கட்டளைத் தொகுதி ரிஸ்க்-ஃபைவ். ஒரு செயலி எந்தக் கட்டளைகளைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்கான இலக்கணம் அது. எக்ஸ்86, ஆர்ம் இலக்கணங்களைப் பின்பற்றிச் செயலி செய்ய உரிமையாளரின் அனுமதி வேண்டும். ரிஸ்க்-ஃபைவுக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

சென்னை ஐ.ஐ.டி. கணினித் துறையில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையிலான ரைஸ் குழு இதைப் பற்றிக்கொண்டது. ஜி.எஸ். மதுசூதன், நீல் காலா போன்றோர் குழுவின் தூண்கள். பின்னர் மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் நிதியும் வந்தது. வடிவமைப்பைப் புளூஸ்பெக் என்ற மொழியில் எழுதினார்கள், எம்.ஐ.டி. பேராசிரியர் அர்விந்தின் ஆய்வில் பிறந்த மொழி அது. எழுதியதை பி.எஸ்.டி. உரிமத்தில் வெளியிட்டார்கள். எடுத்து மாற்றி விற்கலாம். மாற்றியதைத் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனைகூட இல்லை. இவ்வளவு தாராளம் தேவையா என்ற கேள்வி நியாயமானது. சில்லுத் தொழிலில் முதலீடு செய்வோர் வேறு எந்த உரிமத்தையும் தொடத் தயங்குவார்கள் என்பதால் இது சரியான முடிவு என்றே சொல்ல வேண்டும்.

சக்தியில் பல வகைகள் உண்டு. இ வகை சிறு கருவிகளுக்கானது. ஐந்து கட்டக் குழாய்வரிசை கொண்ட சி வகையில் நினைவக மேலாண்மை அலகு இருக்கிறது; முழுமையான லினக்ஸ் ஓட அந்த அலகு வேண்டும். 2018 ஜூலையில் அறிவிக்கப்பட்ட ரைஸ்கிரீக் என்ற சி வகைச் சில்லு, அமெரிக்காவின் ஆரிகனில் உள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் உருவானது. முதல் தொகுதியில் 300 சில்லுகள். அவற்றில் லினக்ஸ் ஓடியது. அதே ஆண்டில் சண்டிகர் குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டரில் ரிமோ சில்லு முழுக்க முழுக்க உள்நாட்டில் வார்க்கப்பட்டது. 180 நானோமீட்டர் என்பது பென்டியம் 3 காலத்துத் தொழில்நுட்பம்; வேகம் குறைவு, ஆனால் சாவி நம் கையில். 2020-இல் மௌஷிக் என்ற சக்திச் சில்லு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மத்திய அரசு சுதேசி நுண்செயலிப் போட்டியை அறிவித்து, சக்தியையும் சி-டாக்கின் வேகா செயலியையும் மாணவர்களுக்கும் புதுத்தொழில் நிறுவனங்களுக்கும் கொண்டுசென்றது. 2025 பிப்ரவரியில் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஐரிஸ் சில்லு அறிவிக்கப்பட்டது. சண்டிகரில் வார்த்த அந்தச் சில்லுக்கான பலகை சென்னை சிர்மா நிறுவனத்தில் பொருத்தப்பட்டது.

விலை எங்கே ஏறுகிறது

வடிவமைப்பு இலவசம் என்றால் சில்லும் மலிவாக வேண்டுமே என்று தோன்றும். அப்படி இல்லை. சில்லு வார்க்க முதலில் ஒளிமறைப்புத் தகடுகள் செய்ய வேண்டும். தொழில்நுட்பம் நுணுகநுணுக அந்தச் செலவு கோடிகளில் ஏறும். 300 சில்லு வார்த்தாலும் 30 லட்சம் வார்த்தாலும் தகட்டுச் செலவு ஒன்றே. எனவே ஆய்வுக்கூடங்கள், பல வடிவமைப்புகளை ஒரே சிலிக்கான் தட்டில் ஏற்றும் ஷேர் ஆட்டோ முறையை நாடுகின்றன. சோதனைக்கு அது போதும். கடையில் அடுக்கி விற்க அது போதாது.

இரண்டாவது தடை பலர் கண்ணில் படாதது. லினக்ஸ் வசதியாக ஓட நூற்றுக்கணக்கான மெகாபைட் வெளி நினைவகம் வேண்டும். செயலிக்கும் டி.டி.ஆர். நினைவகத்துக்கும் நடுவில் மின் அலைகளைத் துல்லியமாகக் கையாளும் சுற்று ஒன்று உண்டு. சக்தியின் உள்ளகம் திறந்தது. இந்தச் சுற்றோ வணிக நிறுவனங்களிடம் உரிமம் பெற்று வாங்க வேண்டியது. ஒவ்வோர் ஆலைக்கும், ஒவ்வொரு நானோமீட்டர் அளவுக்கும் தனித்தனியே வாங்க வேண்டும். அதிவேக யு.எஸ்.பி.க்கும் பி.சி.ஐ.க்கும் இதே கதை. இந்திய ரிஸ்க்-ஃபைவ் முயற்சிகளில் முதலில் சந்தைக்கு வந்தவை நினைவகத்தை உள்ளேயே வைத்துக்கொள்ளும் சிறு சில்லுகளாக இருப்பது இதனால்தான். சி-டாக்கின் ஏரீஸ் பலகையில் உள்ள தேஜஸ்32 சில்லில் 256 கிலோபைட் நினைவகம்தான். விளக்கு எரிய வைக்கலாம், மோட்டாரை ஓட்டலாம், லினக்ஸ் ஏறாது. சென்னை மைண்ட்குரோவ் நிறுவனம் சக்தியை அடிப்படையாகக் கொண்டு 2024-இல் வெளியிட்ட 28 நானோமீட்டர், 700 மெகாஹெர்ட்ஸ் சில்லும் கருவிகளைக் கட்டுப்படுத்துவதற்கானதே.

சக்தியில் லினக்ஸ் ஓட்டியே தீர வேண்டும் என்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. ஆர்ட்டி ஏ7-100டி என்ற, உள்சுற்றை மாற்றியமைக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. பலகையில் சி வகையை வஜ்ரா என்ற பெயரில் ஏற்றலாம். 256 மெகாபைட் நினைவகம், 50 மெகாஹெர்ட்ஸ் அளவிலான வேகம். பொறுமையாகக் காத்திருந்தால் லாகின் கேட்கும். ஆனால் பலகையின் விலை இருபதாயிரம் ரூபாய்க்கு மேல் போகிறது. ஒரு கல்லூரி ஆய்வகம் இரண்டு மூன்று வாங்கி வைக்கலாம். மாணவர் தனியாக வாங்க மாட்டார்.

வாங்குவோர் நிலை

லினக்ஸ் ஓடும் ரிஸ்க்-ஃபைவ் பலகைகளின் விலையை இறக்கியது சீனா. அமெரிக்காவின் சைஃபைவ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஹைஃபைவ் அன்லீஷ்டு 999 டாலர். 2021-இல் ஆல்வின்னர் டி1 சில்லு கொண்ட நேழா பலகை ஏறத்தாழ 100 டாலர். 2022-இல் அறிவிக்கப்பட்ட விஷன்ஃபைவ் 2, நான்கு உள்ளகங்களோடு 100 டாலருக்குள் கிடைத்தது. 2023-இல் வந்த மில்க்-வி டுவோ 64 மெகாபைட் நினைவகத்தோடு 10 டாலருக்கும் கீழே. விலை இறங்கிய வேகத்துக்கு மென்பொருள் ஈடுகொடுக்கவில்லை. டி1-இன் வெக்டர் கட்டளைகள், தரம் இறுதியாவதற்கு முந்திய 0.7.1 வரைவைப் பின்பற்றியவை; இறுதித் தரத்துக்காகத் தொகுத்த நிரல் அவற்றில் ஓடாது. விஷன்ஃபைவ் 2 வெளிவந்தபோது அதன் வரைகலைப் பகுதிக்கு மூலக் கெர்னலில் ஆதரவு இல்லை.

இத்தகைய பலகையை முதன்முதலாக எழுப்பும் விதம் பலருக்குப் புதிது. திரையை இணைத்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. யு.எஸ்.பி.யிலிருந்து சீரியலுக்கு மாற்றும் சிறு குச்சி ஒன்று வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும். அது 3.3 வோல்ட்டில் இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். 5 வோல்ட் போனால் சில்லு கருகலாம். மூன்று கம்பிகள்: தரைக்குத் தரை, அனுப்பும் முனை வாங்கும் முனைக்கு, வாங்கும் முனை அனுப்பும் முனைக்கு. வேகம் பெரும்பாலும் 1,15,200. மின்சாரம் கொடுத்ததும் தொடக்க நிரல்களான யூ-பூட், ஓப்பன்எஸ்பிஐ ஆகியவற்றின் வரிகள் ஓடி, பிறகு கெர்னல் பேசும். எழுத்துகள் குப்பையாக வந்தால் வேகம் தவறு. எதுவுமே வராவிட்டால் முதலில் அனுப்பும், வாங்கும் கம்பிகளை மாற்றிச் செருகிப் பார்ப்பார்கள்.

செஞ்சி வட்டாரத்தில் இருப்பவருக்கு ரிச்சி தெரு நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால். அருகில் உள்ள துணை விழுப்புரம் குனு/லினக்ஸ் பயனர் குழு. கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டற்ற மென்பொருள் கற்றுத்தரும் குழு அது. வெறுமனே லினக்ஸ் கற்க வேண்டும் என்பவருக்குப் பழைய எக்ஸ்86 மடிக்கணினியே இன்றும் மலிவு. அதை மறுப்பது நேர்மையாகாது. மாற்றுச் செயலி தேவைப்படுவது, இயந்திரத்தின் அடிவரை அறிய விரும்புகிறவருக்கு. அப்படி ஒருவருக்கு இன்று ஆர்ம் என்றால் ராஸ்பெரி பை, ரிஸ்க்-ஃபைவ் என்றால் மூலக் கெர்னலில் இடம்பெற்ற, விஷன்ஃபைவ் 2-இல் உள்ள ஜே.எச்.7110 சில்லுப் பலகைகள் பொருந்தும்.

ரிஸ்க்-ஃபைவுக்கான முதல் நிரல் 2018 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.15-இல் சேர்ந்தது. டெபியன் 2023-இல் அதைத் தன் அதிகாரபூர்வ வகையாக ஏற்று, 2025 ஆகஸ்டில் வந்த 13-ஆம் பதிப்பில் முழுமையாக வெளியிட்டது. 2025 டிசம்பரில் சி-டாக், 1 கிகாஹெர்ட்ஸ் வேகமும் இரண்டு 64 பிட் உள்ளகங்களும் கொண்ட துருவ்64 செயலியை அறிவித்தது. ஆனால் சக்தியின் சி வகையைச் சிலிக்கானில் கொண்ட, நினைவகத்தோடு கூடிய பலகை எதுவும் மாணவர் வாங்கும் விலையில் கடைக்கு வரவில்லை.