படம் பிடிக்கப்படாத மாலை

ஜனவரித் திங்கள் 30ஆம் நாள் நெருங்கும்போதெல்லாம் ஒரு படத்துணுக்கு கைப்பேசிகளில் உலா வரக் காண்கிறோம். வெள்ளாடை போர்த்திய முதியவர் ஒருவர் கூட்டத்தினூடே நடந்து வருகிறார். எதிரே நிற்கும் இளைஞன் துப்பாக்கியை நீட்டுகிறான். 'காந்தியடிகள் கொலையுண்ட உண்மைக் காட்சி' என்ற குறிப்பும் உடன் வருகிறது. தாராவியின் தொண்ணூறு அடிச் சாலையில் ஒருவர் அனுப்பும் செய்தி, திருநெல்வேலிக்குச் சென்று, அங்கிருந்து செம்பூருக்குத் திரும்பி வர அரை நாழிகை போதும். அவ்வழியில் எவரும் அதை நிறுத்தி, இது எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

அது வந்த இடம் தெரிந்ததே. ஸ்டான்லி வோல்பர்ட் என்ற அமெரிக்கர் எழுதிய நாவலைத் தழுவி, மார்க் ராப்சன் இயக்கத்தில் 1963ஆம் ஆண்டு வெளிவந்த 'நைன் அவர்ஸ் டு ராமா' என்னும் ஆங்கிலத் திரைப்படம் அது. துப்பாக்கி ஏந்தி நிற்பவர் ஹார்ஸ்ட் புக்கோல்ஸ் என்ற ஜெர்மானிய நடிகர். காந்தியடிகளாக நடித்தவர் ஜே. எஸ். காஷ்யப். கோட்சேக்கு ஒரு காதற்கதையையும் புனைந்து சேர்த்தது அப்படம். மூல நாவல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. மேலும் ஒன்று: அப்படம் எடுக்கப்பட்டது வண்ணத்தில். நம் கைக்கு வருவதோ கறுப்பு வெள்ளை. நிறத்தை நீக்கிவிட்டால் பழமை தானே வந்து ஒட்டிக்கொள்கிறது. தலைநரைத்தவர் சொல்லை ஆராயாமல் ஏற்பது போல, நரைத்த படத்தையும் நாம் ஏற்றுக்கொள்கிறோம் போலும்!

உண்மையில், 1948 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை மாலை 5 மணி 17 நிமிடத்துக்கு டில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் நிகழ்ந்ததைக் காட்டும் அசைபடம் எதுவும் கிடைத்ததில்லை. இதில் வியப்பில்லை. அன்றைய இந்திய அரசிடம் செய்திப்படப் பிரிவே இயங்கவில்லை. போர்க்காலத்தில் ஆங்கில அரசு நடத்திய 'இந்தியன் நியூஸ் பரேடு' 1946இல் மூடப்பட்டது. நம் நகரில் பிலிம்ஸ் டிவிஷன் தோன்றியது அடிகள் மறைந்து சில மாதங்கள் கழிந்த பிறகே. அயல்நாட்டு நிறுவனங்களின் படப்பிடிப்பாளர் இருந்தனர் எனினும், நாள்தோறும் நடைபெறும் பிரார்த்தனைக் கூட்டத்துக்கு நாள்தோறும் காமிராவைத் தூக்கி வர அவர்களுக்கு என்ன தேவை? கூட்டத்தில் அடிகள் ஆற்றிவந்த உரைகளை வானொலியினர் பதிவு செய்து வந்தனர். அன்று உரையே நிகழவில்லை. பிரான்சு நாட்டு ஒளிப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் அன்று சற்று முன்னர்தான் அடிகளைக் கண்டு திரும்பியிருந்தார். செய்தி கேட்டு ஓடிவந்த அவருக்குக் கிட்டியது, மாளிகை வாயிலில் நேரு மக்களுக்குத் துயரச் செய்தியை அறிவிக்கும் காட்சியே.

மறுநாள் நடந்த இறுதி ஊர்வலம் வேறு. அதனைப் பலர் படம் பிடித்தனர், அப்படங்கள் உண்மையானவை. ஆனால் ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி' படத்துக்காக, 1981 ஜனவரி 31 அன்று மூன்று இலட்சம் மக்களைத் திரட்டி அதே ஊர்வலம் டில்லியில் மீண்டும் நடத்தப்பட்டது. அதையும் எவரேனும் நிறம் நீக்கி அனுப்பினால் பிரித்தறிவது எளிதன்று.

இதற்கு நேர்மாறான நிலை அமெரிக்காவில் உண்டு. அதே 1963ஆம் ஆண்டு, நவம்பர் 22 அன்று, டல்லாஸ் நகரில் அதிபர் கென்னடி சுடப்பட்டதை ஆபிரகாம் சாப்ருடர் என்ற ஆடைத் தொழில் முதலாளி தம் 8 மில்லிமீட்டர் காமிராவில் பதித்தார். மொத்தம் 486 சட்டங்கள். ஏறத்தாழ 26 விநாடிகள். அரசின் விசாரணைத் தொகுதியில் அச்சிட்டபோது 314, 315 ஆகிய இரு சட்டங்கள் இடம் மாறிவிட்டன. அச்சுப்பிழைதான், எனினும் ஐயம் முளைக்க அது போதுமானதாயிற்று. படமே திருத்தப்பட்டது என்று நூல்கள் எழுதப்பட்டன. 1998இல் கோடாக் நிறுவனத்தின் முன்னாள் வல்லுநர் ரோலண்ட் ஸவாடா மூலச் சுருளை ஆராய்ந்தார். சுருளின் ஓரத் துளைகளுக்கு இடையேயும் காட்சி பதிந்திருந்தது. சாதாரணப் பிரதிகளில் அப்பகுதி வராது. காமிராவுக்குள் ஓடிய மூலச்சுருள் அதுவே என்று முடிவு கூறினார். ஐயம் கொண்டோர் அதையும் ஏற்கவில்லை. அங்கே மெய்ப்படத்தை ஐயுறுகின்றனர். இங்கே நடிப்பை மெய்யென்கிறோம்.

படத்தை நம்புவதற்கு அதன் வரலாறு வேண்டும்: யார் எடுத்தார், எவர் கைக்கு மாறியது, மூலம் எங்கே. இதனை நன்கறிந்தவர் நம் ஏ. கே. செட்டியார். காந்தியடிகள் தொடர்பான படச்சுருள்களைக் கண்டம் கண்டமாகத் தேடித் திரட்டி, 1940இல் தமிழில் முழுநீள ஆவணப்படமாக வெளியிட்டவர் அவர். அத்தகையவர் திரட்டியவை இருக்க, பெயர் தெரியாத துணுக்குக்கு நாம் ஏன் மயங்க வேண்டும்?

நடிப்பு என்று தெரிந்தால்தான் என்ன, கொலை நடந்தது உண்மைதானே என்று கேட்பவர் உளர். அத்துணுக்கு ஒரு நெடிய வரலாற்றைச் சில விநாடிகளாகச் சுருக்கிவிடுகிறது என்பதே நம் குறை. கொன்றவன் ஒருவன், மாண்டவர் ஒருவர், அவ்வளவே. அதற்கு முந்திய நாட்களை அது மறைத்துவிடுகிறது. அந்நாட்களின் ஒரு பகுதி நம் மாதுங்காவில் நடந்தது.

ரூயா கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் ஜகதீஷ் சந்திர ஜெயின். பிழைப்பின்றி வந்த அகதி மதன்லால் பாவா என்பவனிடம் இரங்கி, தம் நூல்களை விற்றுப் பிழைக்க வழி செய்தார். அவனோ காந்தியடிகளைக் கொல்லும் திட்டம் பற்றி அவரிடம் கூறினான். வீண் பேச்சென்று கருதினார் அவர். ஜனவரி 20 அன்று பிர்லா மாளிகையில் குண்டு வெடித்தது, மதன்லால் பிடிபட்டான். நாளிதழில் அப்பெயரைக் கண்ட பேராசிரியர், மறுநாளே பம்பாய் அரசின் தலைமை அமைச்சர் பி. ஜி. கேரையும் உள்துறை அமைச்சர் மொரார்ஜி தேசாயையும் கண்டு, அறிந்ததைக் கூறினார். தேசாய் காவல்துறைக்குச் சொன்னார். எனினும் கோட்சே பிடிபடவில்லை. திரைப்படத்தின் பெயரில் உள்ளவை ஒன்பது மணி நேரம். இங்கே கழிந்தவை ஒன்பது நாட்கள்.

அந்நாட்களில் யார் எதை அறிந்திருந்தனர், எதைச் செய்யத் தவறினர் என்பதைப் பின்னர் கபூர் விசாரணைக் குழு ஆராய்ந்து 1969இல் அறிக்கை அளித்தது. அதில் படக்காட்சி ஏதும் இல்லை. சாட்சியங்களும் கடிதங்களும் தேதிகளுமே உள்ளன. பேராசிரியர் ஜெயினும் ஒரு நூல் எழுதினார். 'பாபுவை என்னால் காப்பாற்ற முடியவில்லை' என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார்.