எப்வொர்த் வீடும் தரங்கம்பாடிக் கடிதங்களும்

சூசன்னா வெஸ்லி என்ற பெயரை நம் ஊர் சபைகளில் அன்னையர் தினத்தன்று கேட்டிருப்பீர்கள். 19 பிள்ளை பெற்றவர், ஜான் வெஸ்லிக்கும் சார்ல்ஸ் வெஸ்லிக்கும் தாய், வீட்டில் தனியிடம் கிடைக்காமல் ஏப்ரனைத் தலைமேல் போட்டுக்கொண்டு ஜெபித்தவர் என்று ஒரு கதை. பெரும்பாலும் அதோடு முடித்துவிடுவார்கள். நானும் ரொம்ப நாள் அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். அவர் எழுதிய கடிதங்களை வாசித்தபோதுதான் ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். 1712-ல் இங்கிலாந்தின் ஒரு சேற்று நிலக் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு இந்த அம்மா நம்ம தரங்கம்பாடியைப் பற்றி எழுதுகிறார்!

அதற்கு வருவதற்கு முன் அவர் யார் என்று பார்த்துவிடலாம்.

சூசன்னா 1669-ல் லண்டனில் பிறந்தார். அப்பா சாமுவேல் ஆன்ஸ்லி பெயர்பெற்ற பிரசங்கியார். அரசுத் திருச்சபையின் ஜெபப்புத்தகத்துக்குக் கட்டுப்பட மாட்டோம் என்று சொன்னதால் 1662-ல் வெளியேற்றப்பட்ட குருமாரில் ஒருவர். அவருக்கு 25 பிள்ளைகள், சூசன்னா கடைக்குட்டி. வீட்டில் எந்நேரமும் வேத விவாதம். அதையெல்லாம் கேட்டு வளர்ந்த பெண், பதின்மூன்று வயது ஆவதற்குள் இரண்டு பக்க வாதங்களையும் எடைபோட்டுப் பார்த்து, அப்பா விட்டு வந்த அதே அரசுத் திருச்சபைக்கே திரும்பிப் போய்விட்டாள். அப்பா தடுக்கவில்லை. அந்தக் காலத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

1688-ல் சாமுவேல் வெஸ்லியை மணந்தார். அவரும் அதேபோல் கட்சி மாறியவர். குருவானவர், கவிஞர், கடன்காரர். 1690-களில் லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்ற ஊருக்கு வந்து, நீண்ட காலம் அங்கே இருந்தார்கள். 19 பிள்ளைகளில் பத்துப் பேர்தான் வளர்ந்தார்கள். மூன்று ஆண், ஏழு பெண். மற்ற ஒன்பதும் சின்னக் கல்லறைகள்.

கணவன் மனைவி இருவருமே பிடிவாதக்காரர்கள். மூன்றாம் வில்லியம் ராஜாவுக்காகக் குடும்ப ஜெபத்தில் கணவர் வேண்டிக்கொண்டபோது சூசன்னா 'ஆமென்' சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, வில்லியம் நியாயமான ராஜா இல்லை என்பது என் எண்ணம் என்றார். இரண்டு ராஜா இருக்கும் வீட்டில் படுக்கையும் இரண்டாகத்தான் இருக்கும் என்று சொல்லிக் கணவர் கிளம்பி லண்டன் போய்விட்டார். இது 1702-ன் தொடக்கம். வில்லியம் இறந்து ஆன் ராணி பட்டத்துக்கு வந்ததும் சண்டைக்கான காரணமே போய்விட்டது. அந்தச் சமாதானத்துக்குப் பிறகு, 1703-ல் பிறந்தவர்தான் ஜான் வெஸ்லி.

1705 தேர்தலில் குருவானவர் ஊராருக்குப் பிடிக்காத பக்கம் நின்றார். வீட்டுக்கு வெளியே நள்ளிரவு தாண்டியும் கும்பல் கூச்சல். தூக்கம் கெட்ட தாதிப்பெண் அசந்து தூங்கியதில், பக்கத்தில் கிடந்த கைக்குழந்தை அவள் உடம்புக்கு அடியில் அகப்பட்டு இறந்துபோனது. கொஞ்ச நாளில், 30 பவுனுக்கும் குறைவான கடனுக்காக சாமுவேலை லிங்கன் கோட்டைச் சிறையில் அடைத்தார்கள். கையில் காசு இல்லாத சூசன்னா தன் மோதிரங்களைக் கழற்றி அனுப்பினார். கணவர் திருப்பி அனுப்பிவிட்டார். உங்களுக்குச் சாப்பாட்டுக்கே இல்லாமல் போனதுண்டா என்று யார்க் பேராயர் கேட்டார். ரொட்டியே இல்லாமல் இருந்ததில்லை, ஆனால் அதை வாங்கப்பட்ட பாட்டையும் காசு கொடுக்கப்பட்ட பாட்டையும் நினைத்தால் வாயில் வைக்கக் கசந்தது என்கிற பொருளில் அவர் பதில் சொன்னார்.

1709 பிப்ரவரியில் வீடு எரிந்தது. மாடி ஜன்னலில் மாட்டிக்கொண்ட ஐந்து வயது ஜானை ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி நின்று இறக்கினார்கள். இந்தக் காட்சி எல்லோருக்கும் தெரியும். அப்பா ஆன்ஸ்லி கொடுத்துவிட்டுப் போன காகிதங்களும் சூசன்னா எழுதி வைத்தவையும் அதே தீயில் போயின என்பதைப் பலர் சொல்வதில்லை. வீடு மறுபடி எழும்பும்வரை பிள்ளைகள் ஆளுக்கொரு வீட்டில் சிதறிக் கிடந்தார்கள். அம்மா அவர்களுக்காக மீண்டும் எழுத ஆரம்பித்தார். விசுவாசப் பிரமாணத்துக்கு அவர் எழுதிய நீண்ட விளக்கம், மகள் சூக்கிக்கு எழுதிய கடிதம்தான்.

பள்ளிக்கூடமும் வீட்டிலேயே. தினமும் ஆறு மணி நேரம். பிள்ளைக்கு ஐந்து வயது முடிந்ததும் ஒரே நாளில் எழுத்து முழுக்கக் கற்றுவிட வேண்டும். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனதாம். முதல் பாடப்புத்தகம் ஆதியாகமம். பெண்பிள்ளைகளுக்கு நன்றாக வாசிக்க வரும்வரை தையல் வேலை கொடுக்கக் கூடாது என்பது அவர் வைத்த சட்டம். ஊசி பிடிக்கத் தெரிந்தால் போதும் என்று நினைத்த காலத்தில் இது பெரிய காரியம். ஆனால் அதே கடிதத்தில், ஒரு வயது ஆனதுமே பிரம்புக்குப் பயப்படவும் மெல்ல அழவும் பழக்கினேன் என்றும் எழுதியிருக்கிறார். வாசிக்கும்போது நமக்குச் சுருக்கென்றுதான் இருக்கிறது. இரண்டும் ஒரே அம்மாதான்.

இனி தரங்கம்பாடி.

டென்மார்க் ராஜா அனுப்பிய சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரை இறங்கினார்கள். தமிழ் படித்தது, பிள்ளைகளைச் சேர்த்துப் பாடம் சொன்னது, டேனிஷ் தளபதியோடு மோதியது எல்லாவற்றையும் ஐரோப்பாவுக்குக் கடிதமாக எழுதினார்கள். அவை 1709-ல் லண்டனில் ஆங்கிலப் புத்தகமாக வந்தன. அதில் ஒரு பிரதி எப்வொர்த் குருவானவரின் அறைக்கும் போய்ச் சேர்ந்தது.

1711-ன் குளிர்காலத்தில் கணவர் குருமார் பேரவைக்காக லண்டன் போயிருந்தார். மூத்த மகள் எமிலியா அப்பாவின் அறையில் அந்தப் புத்தகத்தைப் பார்த்து எடுத்து வந்தாள். வாசி என்றார் அம்மா. பிறகு பல நாள் அவருக்கு வேறு பேச்சே இல்லை. நான் ஆணும் இல்லை, குருவானவரும் இல்லை, ஆனாலும் இப்போது செய்வதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏதாவது செய்யலாமே என்று தோன்றியதாகக் கணவருக்கு எழுதுகிறார்.

முதலில் வீட்டுக்குள் தொடங்கினார். ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனியாக உட்கார்ந்து பேசுவது. திங்கள் மாலி, செவ்வாய் ஹெட்டி, புதன் நான்சி, வியாழன் ஜாக்கி என்ற ஜான், வெள்ளி பாட்டி, சனி சார்ல்ஸ், ஞாயிறு எமிலியாவும் சூக்கியும். வளர்ந்து ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியரான பிறகும் ஜான், அந்த வியாழக்கிழமை நேரத்தை எனக்காக ஒதுக்க முடியுமா அம்மா என்று கேட்டு எழுதினார்.

அடுத்தது ஞாயிறு மாலை. பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் ஜெபமும் பிரசங்கமும் வாசித்துக்கொண்டிருந்தார். வேலைக்காரப் பையன் வீட்டில் போய்ச் சொல்ல, அவன் அப்பா அம்மா நாங்களும் வரலாமா என்று கேட்டார்கள். அவர்களைப் பார்த்து மற்றவர்கள். கடைசியில் 200 பேருக்கு மேல். இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள். உதவிக் குருவானவருக்கு இது பொறுக்கவில்லை. லண்டனுக்குப் புகார் பறந்தது.

கணவர் ஆட்சேபித்து எழுதினார். சூசன்னாவின் பதில் 1712 பிப்ரவரி 6 தேதியிட்டது. நான் பெண்தான், ஆனால் பெரிய குடும்பத்தின் தலைவியும்தான். நீங்கள் இல்லாதபோது உங்கள் பொறுப்பில் உள்ள ஆத்துமாக்கள் என் கையில் ஒப்படைக்கப்பட்டவை. வேறு யாராவது ஆண் வாசிக்கட்டும் என்கிறீர்கள். எழுத்துக் கூட்டாமல் ஒரு பிரசங்கம் வாசிக்க அங்கே ஆள் இல்லை. இதுதான் சாரம்.

கணவர் மறுபடியும் நிறுத்தச் சொன்னார். இந்த முறை அவர் கணக்கை எடுத்து வைத்தார். முன்பு கோயிலில் மாலை ஆராதனைக்கு வந்தவர்கள் 20, 25 பேர். இப்போது 200-க்கும் 300-க்கும் இடையில். எங்களோடு முகம் கொடுத்துப் பேசாத அக்கம்பக்கத்தார் இப்போது பேசுகிறார்கள். கடைசியாக ஒரு வரி எழுதினார். நிறுத்துவது நல்லது என்று ஆலோசனை சொல்லாதீர்கள், அது என் மனச்சாட்சிக்குப் போதாது. நிறுத்து என்று நேரடியாகக் கட்டளை அனுப்புங்கள். அப்போது நியாயத்தீர்ப்பு நாளில் கணக்குச் சொல்லும் பொறுப்பு என்னுடையதாக இருக்காது.

கீழ்ப்படிய மாட்டேன் என்று அவர் ஒரு இடத்திலும் சொல்லவில்லை, கவனியுங்கள். கீழ்ப்படிகிறேன், ஆனால் பாரத்தை நீங்கள் சுமக்க வேண்டும் என்கிறார். அந்தக் கட்டளையைப் போட சாமுவேலுக்குத் துணிவு வரவில்லை. அவர் ஊர் திரும்பும்வரை கூட்டம் நடந்தது. அங்கே உட்கார்ந்து கேட்ட பிள்ளைகளில் ஜானுக்கு எட்டு வயது, சார்ல்ஸுக்கு நாலு.

இத்தனை உறுதியான அம்மாவின் வீட்டில் ஹெட்டிக்கு நடந்ததையும் சொல்லாமல் விட முடியாது. சகோதரிகளிலேயே கவித்திறமை மிகுந்தவள். 1725-ல் ஒருவனை நம்பி வீட்டைவிட்டுப் போய்க் கர்ப்பமாகத் திரும்பினாள். அப்பா அவளை ஒரு பிளம்பருக்குக் கட்டிவைத்தார். அந்த மணவாழ்க்கை விளங்கவில்லை. அப்பா மன்னிக்கவே இல்லை. மறுவருஷம் ஜான், பாவம் செய்தவர்களிடமும் அன்பு வேண்டும் என்று பிரசங்கம் செய்தபோது, இது ஹெட்டிக்காக எழுதினது என்று அம்மா உடனே கண்டுபிடித்தார். ஆனால் ஹெட்டிக்காக வாயைத் திறந்து அப்பாவின் கோபத்தை வாங்கிக்கொண்டது ஜான்தான். முன்பின் தெரியாத 200 பேருக்காகக் கணவரிடம் வாதாடிய அந்தப் பேனா, மகள் விஷயத்தில் எங்கே போனது என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது.

1735-ல் கணவர் இறந்தார். பிள்ளைகள் வீடுகளில் மாறி மாறி இருந்து, கடைசியில் லண்டனில் ஜானின் ஃபவுண்டரி கூடத்துக்கு வந்தார் சூசன்னா. குருப்பட்டம் பெறாத தாமஸ் மாக்ஸ்ஃபீல்டு அங்கே பிரசங்கிக்கத் தொடங்கியதைக் கேள்விப்பட்டு, அதை நிறுத்த ஜான் அவசரமாக ஓடி வந்தார். உன்னைப்போலவே அவனும் தேவனால் அழைக்கப்பட்டவன், முதலில் அவன் பேசுவதைக் கேள் என்றார் அம்மா. ஜான் கேட்டார், விட்டுவிட்டார். பட்டம் பெறாத பிரசங்கிமார்தான் பிறகு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். 1712-ல் குருப்பட்டம் இல்லாத ஒருவர் வாசித்து எத்தனை பேர் கூடினார்கள் என்பது அம்மாவுக்கு நினைவிருந்திருக்கும்தானே?

1741-ல் ஜானை ஆதரித்து ஒரு சிறு நூல் வெளிவந்தது. எழுதியவர் பெயர் இல்லை. அது சூசன்னாவுடையது என்று கண்டறிந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். 1742-ல் இறந்தார். லண்டன் பன்ஹில் ஃபீல்ட்ஸில் கல்லறை.

மெதடிஸ்ட் மிஷனரிகள் 1814-ல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தில் பள்ளி தொடங்கினார்கள். அங்கிருந்து ஜேம்ஸ் லிஞ்ச் 1817-ல் சென்னைக்கு வந்தார். இராயப்பேட்டையில் வெஸ்லி பெயரில் ஆலயமும் பள்ளியும் இன்றும் இருக்கின்றன. அந்தப் பக்கம் போகிறவர்கள் ஜான் வெஸ்லியைத்தான் நினைப்பார்கள். தரங்கம்பாடியிலிருந்து போன கடிதங்களை மகள் வாசிக்கக் கேட்டு, நானும் கொஞ்சம் செய்யலாமே என்று எழுந்த போதகரம்மாவையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.