குழிக்கணக்கும் நம் குழந்தைகளும்

பெருக்கல் வாய்பாட்டைத் தடையின்றி ஒப்பிக்கும் சிறுவனிடம், "ஒரு கூடத்தின் நீளம் 12 அடி, அகலம் 10 அடி, அதன் பரப்பு யாது?" என வினவுங்கள். கூட்டுவதா, பெருக்குவதா என்று அவன் நம் முகத்தைப் பார்ப்பான். பெருக்கத் தெரியும், எதற்காகப் பெருக்குகிறோம் என்பது தெரியாது. நம் குடியிருப்பில் இக்குறை இல்லாத வீடு அரிது. பள்ளியில் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ கணக்கைப் படித்து, வீட்டில் தமிழில் சிந்திக்கும் நம் குழந்தைகளுக்கு இவ்வின்னல் இரட்டிப்பாகிறது. இதற்கு மருந்து நம் முன்னோர் கணக்கிலேயே உளது என்பதைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழர் நிலத்தைக் கோல் கொண்டு அளந்தனர். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய சதுரம் ஒரு குழி. 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. கோல் 12 அடியாயின் ஒரு குழி 144 சதுர அடியாகும். ஒரு வேலி ஏறக்குறைய 6.6 ஏக்கராகும். சோழர் காலக் கல்வெட்டுகள் 12 சாண் கோல், 16 சாண் கோல் என வெவ்வேறு கோல்களைக் குறிக்கின்றன. இவ்வழக்கில் ஒரு நுட்பம் உண்டு. நீளத்தை அளப்பது ஒன்று, பரப்பை அளப்பது வேறொன்று. இரண்டிற்கும் பெயரும் வேறு. 'அடி' என்றும் 'சதுர அடி' என்றும் பயிலும் குழந்தை இரண்டையும் ஒன்றெனக் கருதி மயங்கும். 'கோல்' என்றும் 'குழி' என்றும் பயின்ற குழந்தைக்கு அம்மயக்கம் எளிதில் நேராது.

திண்ணைப் பள்ளிகளில் பயின்ற எண்சுவடியில் 'குழிமாற்று' என்றொரு பகுதி உண்டு. ஓர் எண்ணை அதே எண்ணாற் பெருக்கிவரும் தொகையை, முழு எண்ணுக்கும் பின்னத்துக்கும் கூறும் வாய்பாடு அது. அதன் பெயரே நிலத்தை நினைவூட்டுகிறதன்றோ? காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம், நிலம், பொன், நெல் முதலிய பொருள்கள்மேல் வைத்துக் கணக்கைக் கற்பிக்கிறது. வட்டத்தின் பரப்பிற்கும், சுற்றளவிற் பாதியை விட்டத்திற் பாதியாற் பெருக்குக என்பதே அந்நூலின் வழி. வட்டமும் அங்கே நீளமும் அகலமுமாக மாறிவிடுகிறது.

தெலுங்கு நாட்டாரும் இதிற் பின்தங்கியவரல்லர். 9 ஆம் நூற்றாண்டில் மகாவீரர் வடமொழியில் இயற்றிய கணிதசாரசங்கிரகத்தைப் பாவுலூரி மல்லனர் தெலுங்கில் பாடினார். பிறமொழிக் கணக்கைத் தம் மக்களுக்குத் தாய்மொழியில் தரவேண்டும் என்று அவர் கருதியது நமக்கும் பாடமாகும்.

பழமையெல்லாம் குறையற்றது என்று நாம் கூறவில்லை. 1822 இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, நாட்டுப் பள்ளிகளின் நிலையைத் தெரிவிக்குமாறு கலெக்டர்களைக் கேட்டார். அந்நாளில் சித்தூர், வட ஆர்க்காட்டு ஜில்லாவின் தலைநகராயிருந்தது. பல்லாரிக் கலெக்டர் காம்பெல் 1823 இல் எழுதிய அறிக்கை, மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையைப் பாராட்டியது. பொருளுணராது மனப்பாடம் செய்வதைக் குறை கூறியது. பாராட்டைப் போலவே அக்குறையையும் நாம் மறத்தலாகாது.

இனி, வீட்டில் செய்யத்தக்கது யாது? சதுரக் கடப்பைக்கல் பாவிய கூடத்தில் குழந்தையை நிறுத்துங்கள். ஒரு வரிசையில் 8 கல். அத்தகைய வரிசை 6. முதலில் ஒவ்வொன்றாய் எண்ணட்டும். பிறகு வரிசை வரிசையாய்க் கூட்டட்டும். 48 என்னும் விடை இருமுறையும் வருவதைக் கண்டபின், பெருக்கல் ஏன் என்பதை நாம் சொல்லவேண்டியதில்லை. அதன்பின் கட்டம் போட்ட தாளில் படம் வரையட்டும். கடைசியிலேயே வாசகக் கணக்கு வரவேண்டும்; அதையும் முதலில் தமிழில் தம் சொற்களால் திருப்பிச் சொல்லச் செய்யவேண்டும்.

அடுத்து, சுற்றளவும் பரப்பும் வேறென உணர்த்தல் வேண்டும். 40 கோல் நீளமுள்ள கயிற்றால் நிலத்தை வளைப்பதாகக் கொள்வோம். 10க்கு 10 என வளைத்தால் 100 குழி; 15க்கு 5 என வளைத்தால் 75 குழி; 19க்கு 1 என வளைத்தால் 19 குழியே. கயிறு ஒன்றே, நிலமோ ஐந்தில் ஒரு பங்கினும் குறைந்துவிட்டது. வேலிக்குக் கம்பி வாங்கச் சுற்றளவு வேண்டும். விதைக்க நெல் வாங்கப் பரப்பு வேண்டும். எது வேண்டும் என்பதை வாசகத்திலிருந்து கண்டுகொள்வதே பாதிக் கணக்கு.

இது தேர்வோடு முடியும் செய்தியன்று. 30 அடிக்கு 40 அடியுள்ள ஒரு மனையை எடுத்துக்கொள்வோம். பரப்பு 1,200 சதுர அடி. சென்னை வழக்கில் அது அரைக் கிரவுண்டு. சென்ட் கணக்கில் ஏறக்குறைய 2¾. சதுர கஜத்தில் 133⅓. 36 சதுர அடியை ஓர் அங்கணமாகக் கொள்ளும் திருப்பதி வழக்கில் 33⅓ அங்கணம். ஒரு கஜம் 3 அடி என்பதால், 1,200 ஐ 3 ஆல் வகுத்து 400 சதுர கஜம் என்று கூறும் பிள்ளைகள் பலர். ஒரு சதுர கஜம் 9 சதுர அடி என்பதைப் படம் வரைந்து பார்த்த பிள்ளை அவ்வாறு கூறாது. வாழ்நாட் சேமிப்பைக் கொண்டு ஒரு மனை வாங்கும் குடும்பத்திற்கு இவ்வறிவு எத்தகைய காவல் என்பதை விரித்துரைக்க வேண்டா.

1911 இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1960 இல் மாநில எல்லை திருத்தப்பட்டது. 2022 இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் நீளத்தை அகலத்தாற் பெருக்கினால் பரப்பு என்பது மாறவில்லை. பெற்றோர்களே! நாள்தோறும் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். கூடம், பாய், கதவு, மாக்கோலம் இவையே பாடநூலாகட்டும். பள்ளி எம்மொழியிற் கற்பிப்பினும், கணக்கின் பொருள் தாய்மொழியில் நம் பிள்ளைகளின் நெஞ்சிற் பதிவதாகுக.